ஒரு மெஷினுக்கு இரண்டு அசல்

அத்தியாயம் 7

இடியப்ப மெஷினுக்கு முன்னால் நின்ற தியாகராஜாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துக்கத்தில் அல்ல, ஆவியில். மணிக்கு மூவாயிரம் இடியப்பம் பிழிந்து, அவித்து, தட்டுத் தட்டாக வெளியே தள்ளுகிற அந்த இயந்திரம் கோயம்புத்தூரிலிருந்து கப்பலேறி வந்து, தெற்கு லண்டனின் சட்டனில் ஒரு இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் கடைசி யூனிட்டில் மூன்று வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ர மனிசி முப்பது வருசமாப் பிழிஞ்சதை இது ஒரு மத்தியானத்தில பிழிஞ்சுபோடும் பிள்ளை. அதோட, திட்டாது."

மேரிசாந்தி சிரிக்கவில்லை. அவள் சிரிப்பது அபூர்வம். பதினொரு வருடம் இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றில் கள்ளக் கிளெய்ம்களை மோப்பம் பிடித்துக்கொடுத்தவள். இப்போது கோலியர்ஸ் வுட்டில் ஒரு சலூனுக்கு மேலே அறை எடுத்து, அதே வேலையைத் தன் பெயரில் செய்கிறாள். தியாகராஜா சிவப்பு பஸ் ஓட்டி ஓய்ந்தவர். அவளுடைய காரை ஓட்டுவார், அவளுக்காகக் கதவைத் தட்டுவார், கேட்டாலும் கேட்காவிட்டாலும் பகிடி விடுவார். சம்பளம் மத்தியானச் சாப்பாடு. பகிடி இலவசம்.

"மணி ஒன்பதரை" என்றாள் மேரிசாந்தி. "ரெண்டு மணிக்கு லொறி வருது. அதை விட்டுப்போட்டு இஞ்ச வாங்கோ அண்ணை."

மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் குமுதினி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தொழிற்சாலைக்கும், இதில் வேலை செய்கிற ஒன்பது பெண்களுக்கும் முதலாளி. முழங்கை வரை அரிசிமா. இரண்டு வாரமாக அவள் நித்திரை கொள்ளவில்லை என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது.

விசயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன்பு கிறிஸ்துராஜா என்பவரின் ஃபைனான்ஸ் கம்பெனியில் குமுதினி இந்த மெஷினைத் தவணைக்கு எடுத்தாள். முப்பத்தாறு தவணை. முப்பத்து நாலு கட்டியாயிற்று, ஒன்றுகூடப் பிந்தவில்லை. போன நவம்பரில் கிறிஸ்துராஜா ஒல்லாந்து பாஸ்போர்ட்டோடு காணாமல் போனார். அவர் போன பிறகுதான் குட்டு வெளிப்பட்டது: அந்த ஒரே மெஷினின் தவணை ஒப்பந்தத்தை 'இதுதான் அசல்' என்று சொல்லி இரண்டு கொம்பனிக்கு விற்றிருந்தார். ஒன்று லண்டனின் நடுவில் சிட்டியில், மற்றது தெற்கே குரொய்டனில்.

இரண்டு பேருக்கும் மாதாமாதம் காசு அனுப்பி ஆளையாள் தெரியாமல் வைத்திருந்திருக்கிறார். நவம்பரில் அவர் ஓட, குரொய்டன்காரர்கள் குமுதினியைத் தேடி வந்து, நேரே தங்களுக்குக் கட்டச் சொல்ல, அவள் கட்டினாள். சிட்டிக்காரர்கள் வந்தது இரண்டு வாரத்துக்கு முன். மூன்று தவணை தவறிவிட்டது, ஒப்பந்தம் முறிந்துவிட்டது, மெஷின் எங்களுடையது என்றார்கள். நிலுவையை இப்போதே கட்டுகிறேன் என்று குமுதினி கெஞ்சினாள். மெஷினுக்கு வேறு ஆள் பிடித்தாயிற்று என்று பதில் வந்தது.

ஒரே ஒரு சலுகை கொடுத்தார்கள். தங்களிடம் இருக்கிற தாள் கள்ளத்தாள் என்று இன்று இரண்டு மணிக்கு முன் மேரிசாந்தி எழுத்தில் தந்தால் லொறி திரும்பிப் போகும். சிட்டிக்காரரின் சொலிசிட்டர் இன்சூரன்ஸ் காலத்தில் அவளோடு வேலை செய்த வக்கீல். அவள் பொய் எழுதமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அவள் எழுதிக் கொடுத்ததால் சிறைக்குப் போனவர்களின் பட்டியல் அவனிடம் இருந்தது.

"ஒரு தாளுக்கு ஏனப்பா இவ்வளவு அடிபாடு?" என்றார் தியாகராஜா.

"அது வெறும் தாளில்லை அண்ணை. வடிவாப் பாருங்கோ. மேல் பாதி என்ன சொல்லுது? குமுதினியக்கா இவ்வளவு காசு கட்டவேணும். கீழ் பாதி? கட்டி முடியுமட்டும் மெஷின் எங்கட. கடனும் பொருளும் ஒரே தாளில ஒட்டிக்கொண்டு நிக்குது. அந்தத் தாளை இன்னொருத்தனுக்கு வித்தால் கடனும் அவனுக்கு, மெஷினும் அவனுக்கு. அமெரிக்காவில உதுக்கு 'சாட்டல் பேப்பர்' எண்டு பேரே வச்சிருக்கினம். இஞ்ச அந்தப் பேர் இல்லை, வியாபாரம் மட்டும் இருக்கு. கட்டுக்கட்டா விப்பினம், வாங்குவினம்."

"மெஷின் இஞ்சயே நிக்கும், தாள் மட்டும் ஊர் சுத்தும்?"

"ஓம்."

"என்ர கலியாண எழுத்தும் உப்பிடித்தான் பிள்ளை. கடனும் இருக்கு, பொருளும் இருக்கு. வாங்கத்தான் ஒருத்தனும் இல்லை."

மேரிசாந்தி தாள்களை அவர் பக்கம் திருப்பினாள். இவை கலர்ப் பிரதிகள். அசல்களை நேற்றே இரண்டு ஒபிசுக்கும் போய்க் கண்ணால் பார்த்துவிட்டாள். இரண்டிலும் நீல மை, இரண்டிலும் பேனா அழுந்திய தடம். மெஷின் இலக்கம் ஒன்று, தொகை ஒன்று, சாட்சிக் கையெழுத்தும் ஒன்று: கிறிஸ்துராஜாவின் ஒபிசில் வேலை செய்த பியற்றிஸ். வித்தியாசம் இரண்டே இரண்டு. சிட்டிக்காரரின் தாளில் திகதி மார்ச் பதினைந்து, புதன்கிழமை. குரொய்டன்காரரின் தாளில் மார்ச் பதினேழு, வெள்ளிக்கிழமை. அதோடு நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய அடையாளம்.

"நான் மஞ்சள் பூசாம ஒரு தாளிலயும் கை வைக்கிறேல்லை தங்கச்சி" என்றாள் குமுதினி. "கவுன்சில் டாக்ஸ் போமுக்கே பூசிறனான். சிட்டிக்காரன்ர தாளில மஞ்சள் இருக்கே? இல்லை. அப்ப அது பியற்றிஸ் வச்ச கள்ளக் கையெழுத்து. வேதக்காரிக்கு மஞ்சளைப் பற்றி என்ன தெரியும்?"

தியாகராஜா பலமாகச் செருமினார். மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற மேரிசாந்தி முகத்தில் ஒன்றும் காட்டாமல் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பொலிசிலயும் உதைத்தானே சொன்னனீங்கள்?"

"ஓம். திங்கட்கிழமை அவவைத் திரும்பவும் விசாரிக்கப் போகினம்."

வெளியே வந்ததும் தியாகராஜா கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அலுவல் முடிஞ்சுது பிள்ளை. மஞ்சள்தான் சாட்சி. எழுதிக் குடுத்திட்டு இடியப்பம் தின்னப் போவம்."

"மஞ்சளை விசாரிக்க ஏலாது அண்ணை. பியற்றிஸை விசாரிக்கலாம். காரை ஃபாரஸ்ட் கேட்டுக்கு விடுங்கோ."

*

பியற்றிஸ் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் முருங்கைக்காயைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கிய மனுசி. கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் மாதாவின் பதக்கம். இவர்களைக் கண்டதும் கை நின்றது.

"நீங்களும் கேக்க வந்திட்டியளே? கேளுங்கோ. எல்லாரும் கேட்டு முடிச்சிட்டினம். கோயில்ல பாட்டுக் குறூப்பால நிப்பாட்டிப்போட்டினம் தெரியுமே? பதினாறு வருசமாப் பாடினனான். 'விசாரணை முடியட்டும் அக்கா' எண்டினம். பிறகு பாக்கலாமாம்."

"அது பரவாயில்லை" என்றார் தியாகராஜா. "எங்கட கோயில் பஜனையில என்னைப் பாடவே விட்டதில்லை. விசாரணை இல்லாமலே."

பியற்றிஸ் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் அவரைப் பார்த்தாள். இதற்காகத்தான் மேரிசாந்தி அவரைக் கூட்டித் திரிகிறாள். ஆட்கள் அழ ஆரம்பித்தால் அரை மணித்தியாலம் போய்விடும்.

"அக்கா, ரெண்டு தாளிலயும் சாட்சி நீங்கள்" என்றாள். "புதன்கிழமை என்ன நடந்தது?"

"மடு மாதா அறியச் சொல்லுறன். குமுதினி வந்தா, கையெழுத்து வச்சா, நானும் வச்சன். படியால இறங்கிப் போனவ அஞ்சு நிமிசத்தில திரும்பி ஓடி வந்தா. கையில போன். முகம் செத்துப்போச்சு. ஊரில ஆரோ செத்திட்டினமாக்கும் எண்டு நினைச்சன். நேரா அவற்ற அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினா. உள்ளுக்க அவர் சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டு, 'வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு செற் அடிச்சு வை' எண்டார்."

"ஏனெண்டு கேக்கேல்லையே?"

"முதலாளியை ஏனெண்டு கேட்டு ஆர் வேலையில நிண்டது?"

"வெள்ளிக்கிழமை?"

"அது பெரிய கூத்து. மனுசி பத்தரைக்கே வந்திட்டா. பேனையை நீட்டினால் வாங்கிறா இல்லை. தேத்தண்ணி குடிச்சா. கிழமை எப்பிடிப் போகுது, பிள்ளையள் எப்பிடி எண்டு கதைச்சா. தாளைத் திரும்பியும் பாக்கேல்லை, சுவர் மணிக்கூட்டையே பாத்துக்கொண்டிருந்தா. பன்னிரண்டேகாலுக்கு டக்கெண்டு எழும்பி, கைப்பையைத் திறந்து மஞ்சளைப் பூசி, கையெழுத்து வச்சிட்டு, சிரிச்ச முகத்தோட வட்டிலப்பம் தந்திட்டுப் போனா."

"உதைப் பொலிசுக்குச் சொன்னீங்களே?"

"சொன்னன். ஒரு பொருளுக்கு ஏன் ஒரு ஆள் ரெண்டு தரம் கையெழுத்து வைக்கவேணும் எண்டு கேட்டினம்." பியற்றிஸ் ஒரு முருங்கைக்காயை இரண்டாக முறித்தாள். "எனக்கு மறுமொழி தெரியேல்லை. அப்ப நான்தானே கள்ளி."

*

கார் இன்னும் கிளம்பவில்லை. மேரிசாந்தி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணை, வெள்ளிக்கிழமையில பத்தரையில இருந்து பன்னிரண்டேகால் மட்டும் என்ன?"

"ராகுகாலம்!" தியாகராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அவளுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிவது மாதத்தில் ஒரு தரம்தான். "ஆனா உது மார்ச் மாசக் கணக்குப் பிள்ளை. இஞ்ச ராகுகாலம் வெயிலோட நீளும், குறுகும். இப்ப தை மாசம், பகல் கட்டை. ராகுவும் ஒரு மணித்தியாலத்தில அலுவலை முடிச்சிட்டு வீட்டை போயிடுவார். இண்டைக்கு வியாழன். ஒண்டேகாலுக்குத் தொடங்கி ரெண்டு இருபதுக்கு முடியும். எங்கட கோயில் கலண்டர் எல்லாம் போனிலயே இருக்கு."

"பழசும் இருக்கே? மூண்டு வருசத்துக்கு முந்தின மார்ச் பதினைஞ்சு, புதன்கிழமை?"

அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பின்னுக்குப் போனார். கண்டுபிடித்தார். சத்தமாக வாசித்தார்.

"அட்டமி."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. போனை மடியில் கவிழ்த்து வைத்தார். வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கலாம். அறுபத்து மூன்று வயதில் அந்தப் புத்தி வரவில்லையே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

மேரிசாந்தி அமைதியாக அடுக்கினாள். "புதன்கிழமை அவசரத்தில கையெழுத்து வச்சிட்டா. அதுதான் மஞ்சளும் இல்லை. கீழ இறங்கிப் போனைப் பாத்தால் அட்டமி. புது மெஷின், புது வியாபாரம், அட்டமியில கையெழுத்து. நடுங்கிப்போனா. திரும்பி ஓடிப் போய், 'நல்ல நாளில இன்னொருக்கா வைக்கிறன், இதைக் கிழியுங்கோ' எண்டு கேட்டா. கிறிஸ்துராஜா சிரிச்சது அதுக்குத்தான். ரெண்டாவது அசலை அவர் களவா அடிக்கேல்லை. அவ கேட்டு வாங்கிக் குடுத்தா."

"கிழிக்கேல்லையோ அந்தப் படுபாவி?"

"கிழிக்கேல்லை. அடுத்தநாள் வியாழன் பின்னேரம் சிட்டிக்காரனுக்கு வித்திட்டார். வாங்கின திகதியை நேற்று அங்கை பாத்தனான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு மெஷின் கிறிஸ்துராஜாவின்ர இல்லை அண்ணை. தன்ரயில்லாத மெஷினைத்தான் அவர் அவவுக்குத் தவணைக்குக் குடுத்தார். அந்தத் தாளுக்குத்தான் மஞ்சள் பூசினவ."

"அப்ப சிட்டிக்காரன்ர தாள்தான் செல்லும்?"

"அதுதான் செல்லும்."

தியாகராஜா காரைக் கிளப்பினார். பிறகு மெதுவாகத் தொடங்கினார்.

"பிள்ளை, உந்த அட்டமிக் கதை ஆருக்குத் தெரியும்? உமக்கும் எனக்கும். சிட்டிக்காரனுக்கு அட்டமியும் தெரியாது, நவமியும் தெரியாது. கள்ளத்தாள் எண்டு ஒரு வரி எழுதினால் லொறி திரும்பிடும். ஒன்பது பொம்பிளையளின்ர சம்பளம். முப்பத்து நாலு தவணை கட்டின மனுசி. ஓடினவன் ஓடிட்டான்."

"பியற்றிஸ்?"

"பியற்றிசுக்கு ஒரு நல்ல லோயரைப் பிடிப்பம்."

மேரிசாந்தி ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு பிரின்ற் கடை வாசலில் நிறுத்தச் சொன்னாள். பத்து நிமிடத்தில் ஒரே ஒரு தாளோடு திரும்பி வந்தாள்.

"எழுதிட்டீரே?" என்று கேட்டார்.

"எழுதிட்டன். குமுதினியக்காவும் ஒரு கையெழுத்து வைக்கவேணும். கெதியா விடுங்கோ."

தியாகராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்தக் கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பஸ் ஓட்டிய காலத்தில் செய்யத் துணியாத இரண்டு திருப்பங்களைச் செய்து, ஒன்றரைக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சட்டனுக்குள் நுழைந்தார்.

*

குமுதினி வாசலிலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், ஆனால் ஒருவர் கண்ணும் தட்டில் இல்லை.

மேரிசாந்தி தாளை மேசையில் வைத்துப் பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"அலுவல் முடிஞ்சுது அக்கா. இதில கையெழுத்து வச்சீங்களெண்டால் உடன அனுப்பிப்போடலாம். வாசிச்சுப் பாத்திட்டு வையுங்கோ."

குமுதினி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது. ஒரு பெண் "அம்மாளாச்சி!" என்று சத்தம் போட்டாள். குமுதினி கைகளைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். எடுத்த கை நின்றது. தலை சுவருக்குத் திரும்பியது. அங்கே மணிக்கூடும், அதற்குக் கீழே கோயில் கலண்டரும் தொங்கின.

"தங்கச்சி... ரெண்டு இருபதுக்கு வைக்கட்டே?"

"லொறி ரெண்டு மணிக்கு அக்கா."

"ஒரு இருபது நிமிசம் பொறுக்கச் சொல்லி ஒரு சொல்லுச் சொல்லிப் பாருங்கோவன்."

"மாட்டினம்."

தியாகராஜா நிலத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், ஒரு மெஷினுக்காக இந்த மனுசி இப்போது எதோடு மல்லுக்கட்டுகிறாள் என்று. அவளுடைய தாய் அப்படி, அவருடைய தாயும் அப்படி. ராகுகாலத்தில் கடைக்குக்கூடப் போகாத சனம்.

"வையும் தங்கச்சி" என்றார் அவர். "ராகுவோட நான் கதைக்கிறன். பஸ்ஸில பழக்கம்."

குமுதினி சிரிக்க முயன்றாள். மேசை லாச்சியைத் திறந்து மஞ்சள் டப்பாவை எடுத்தாள்; திறக்காமலே திரும்ப வைத்தாள். கலண்டரை இன்னொரு தரம் பார்த்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்று நாற்பத்தாறு.

"வாசிச்சுப் பாத்திட்டு வையுங்கோ" என்றாள் மேரிசாந்தி மறுபடியும்.

"நீங்கள் எழுதினதை நான் என்னத்தை வாசிக்கிறது தங்கச்சி!"

கண்ணை இறுக மூடித் திறந்தாள். கையெழுத்து வைத்தாள். வைத்ததும் பேனா சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள்.

மேரிசாந்தி தாளைப் போனில் படம் பிடித்தாள். அனுப்பினாள். செய்தி போன சத்தம் கேட்டது. பிறகுதான் தாளைக் கையில் எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் நிதானமாகச் சொன்னாள்.

"மார்ச் பதினைஞ்சு புதன்கிழமைத் தாளிலயும், மார்ச் பதினேழு வெள்ளிக்கிழமைத் தாளிலயும் இருக்கிற ரெண்டு கையெழுத்தும் என்ர. அட்டமி எண்டபடியால் ரெண்டாந்தரம் வைக்க நான்தான் கேட்டனான். பியற்றிஸ் கள்ளக் கையெழுத்து வைக்கேல்லை. பொலிசில நான் சொன்னது பொய்."

தட்டு அடுக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெஷின் மட்டும் தன் பாட்டில் இடியப்பத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ளை இது?" என்றார் தியாகராஜா.

"அனுப்பினது ஆருக்கு?" என்றாள் குமுதினி.

"சிட்டிக்காரருக்கும் பொலிசுக்கும்."

குமுதினி கதிரையில் உட்காரவில்லை, விழுந்தாள். "கிறிஸ்துராஜா அதைக் கிழிச்சவர் தங்கச்சி. என்ர கண்ணுக்கு முன்னால கிழிச்சு வாளிக்குள்ள போட்டவர்."

"போட்டோக்கொப்பியைக் கிழிச்சிருப்பார். கிழிக்க முதல் வாங்கிப் பாத்தீங்களே?"

இல்லை. பார்க்கவில்லை. அது அவளுடைய முகத்தில் எழுதியிருந்தது.

"நாளைப் பாத்தீங்கள் அக்கா, நேரத்தைப் பாத்தீங்கள். தாளை ஒரு நாளும் பாக்கேல்லை. இண்டைக்கும் பாக்கேல்லை."

"கிறிஸ்துராஜாவும் உதைத்தான் செய்தவன்!" தியாகராஜா கத்திவிட்டார். மூன்று வருடத்தில் அவளிடம் அவர் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தரம். "அவனும் தாளை நீட்டினான், நீரும் நீட்டினீர். என்ன வித்தியாசம்?"

"நான் வாசிக்கச் சொன்னனான். ரெண்டு தரம்."

மேரிசாந்தி குமுதினிக்கு முன்னால் குனிந்து, இன்ஸ்பெக்டர் போல அல்ல, பக்கத்து வீட்டுக்காரி போலக் கேட்டாள்.

"புதன்கிழமைத் தாளைச் சிட்டிக்காரன் கொண்டுவந்து காட்டேக்க உங்கட கையெழுத்து எண்டு தெரிஞ்சுதே?"

"என்ர கையெழுத்தை எனக்குத் தெரியாதே?"

"பிறகேன் பியற்றிஸைச் சொன்னீங்கள்?"

குமுதினி தன் மாக் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை.

"ஆரையாவது சொல்லத்தானே வேணும்."

தியாகராஜா இவ்வளவு நேரமும் இந்த மனுசிக்காக வயிறெரிந்துகொண்டிருந்தார். இப்போது அந்த எரிச்சலை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றார். ஃபாரஸ்ட் கேட்டில் முருங்கைக்காய் கட்டுகிற ஒருத்தி. இங்கே கதிரையில் ஒருத்தி. இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் தாள் காப்பாற்றும்.

இரண்டு மணிக்கு லொறி வந்தது. ஒரு நிமிடமும் பிந்தவில்லை. நாலு பேர் இறங்கினார்கள். மரியாதையானவர்கள். "சொறி லவ்" என்று ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லி ஒதுங்கச் சொன்னார்கள். பிளக்கைக் கழற்றியதும் மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கடைசித் தட்டில் பிழிந்த இடியப்பம் பாதியில் அறுந்து தொங்கியது. சிலிண்டருக்குள் இருந்த மாவை வழிக்க நேரம் கேட்டாள் குமுதினி. தரவில்லை. மாவோடே தூக்கினார்கள்.

மேரிசாந்தியின் போன் அடித்தது. பியற்றிஸ். பொலிசிலிருந்து அதற்குள் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். போனுக்கு வெளியே கேட்கும்படி அழுதாள், ஞாயிற்றுக்கிழமை மேரிசாந்தியின் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கப் போவதாகச் சொன்னாள், திரும்பப் பாடக் கூப்பிடுவார்களா என்று கேட்டாள்.

"கூப்பிடுவினம் அக்கா" என்று மேரிசாந்தி போனை வைத்தாள். பிறகு, சொல்லாமலே விட்டிருக்கக்கூடிய ஒன்றையும் சொன்னாள். தன் தொழிலில் பாதி வேலை செய்து பாதியை மறைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"குமுதினியக்கா, குரொய்டன்காரருக்கு மிச்சம் ரெண்டு தவணை இருக்கு. மெஷின் போனாலும் அவை விடாயினம். அதுவும் உங்கட கையெழுத்துத்தான்."

குமுதினி தலையை மட்டும் ஆட்டினாள்.

மெஷின் நின்ற இடத்தில் சீமெந்து நிலம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பெண்கள் அதைச் சுற்றி நின்றார்கள். நடுவில் கால் வைக்க ஒருத்திக்கும் மனம் வரவில்லை. அவர்களில் மூத்தவள் மயூரா, முதல் நாளிலிருந்தே அங்கே வேலை செய்பவள், ஏப்ரனை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முதலாளிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. கடையளின்ர ஓடர் கூட. எத்தினை மணிக்கு வரட்டும்?"

குமுதினி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வர வேண்டாம்" என்றாள். "மற்ற எட்டுப் பேருக்கும் நீயே சொல்லிப்போடு."